இருவர் ஆடும் துப்பறிவுச் சீட்டாட்டங்கள்

துப்பறிவுச் சீட்டாட்டம் என்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு எது என்பதைக் கேள்வி, பதில், எதிராளியின் நடத்தை ஆகியவற்றிலிருந்து ஊகித்து அறியும் ஆட்டம். இவ்வகையில் இரண்டே பேர் ஆடுவதற்கென்றோ, இரண்டு பேர் ஆடும்போதும் சுவை குன்றாமலோ அமைந்த சிறிய ஆட்டங்கள் சில உண்டு. அவற்றுக்கு 52 சீட்டுகள் கொண்ட முழுக் கட்டு தேவையில்லை. 3 சீட்டு, 11 சீட்டு, 16 சீட்டு, 21 சீட்டு, 24 சீட்டு என்ற அளவில் முடிந்துவிடும். ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் நிறைவு பெறும்.

சீட்டுகள் குறைவு என்பதால் ஆட்டம் எளிது என்று கொள்ளக் கூடாது. இருவர் மட்டும் ஆடும்போது ஒவ்வொரு கேள்வியும் இரு திசையிலும் செய்தி சொல்கிறது. கேட்டவர் பதிலிலிருந்து ஒன்றை அறிகிறார். கேட்கப்பட்டவர் கேள்வியிலிருந்தே ஒன்றை அறிகிறார். எதையும் காட்டிக்கொடுக்காமல் எதையும் கேட்க முடியாது என்ற இந்த நெருக்கடிதான் இவ்வாட்டங்களின் உயிர். கணிதவியலாளர்கள் இவற்றில் சிலவற்றை முழுமையாக ஆராய்ந்து, எப்போது உண்மையாகக் கேட்க வேண்டும், எப்போது போலியாகக் கேட்க வேண்டும் என்பதை எண்களாகவே தந்திருக்கிறார்கள்.

கவிழ்த்த சீட்டின் பங்கு

ஒரு கட்டின் சீட்டுகள் முழுவதையும் இருவருக்குப் பங்கிட்டால் ரகசியம் எதுவும் மிஞ்சாது. என் கையில் இல்லாதவை எல்லாம் எதிராளியின் கையில் இருக்கின்றன என்று இருவருக்கும் உடனே தெரிந்துவிடும். மூன்று பேர் இருந்தால் நிலைமை வேறு. ஒரு சீட்டு மற்ற இருவரில் யாரிடம் இருக்கிறது என்பதே புதிராக அமையும். ஆகவே இருவர் ஆட்டத்தில் புதிரைத் தனியாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. பங்கிடும் முன் ஒரே ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும். எதிராளிக்கு ஐந்து சீட்டு, நடுவில் ஒன்று என்றால், எனக்குத் தெரியாத ஆறு சீட்டுகளில் எது நடுவில் இருக்கிறது என்று ஆறு வாய்ப்புகள் பிறக்கின்றன.

கவிழ்க்கும் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வாய்ப்புகள் விரைவாகப் பெருகும். எதிராளிக்கு ஐந்து, நடுவில் இரண்டு என்றால் எனக்குத் தெரியாத ஏழு சீட்டுகளிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 21. இவ்வகை ஆட்டங்களை வடிவமைப்போர் ஒன்றிரண்டு சீட்டுகளுக்கு மேல் மறைப்பது அரிது. மறைவு மிகுந்தால் ஊகம் குருட்டு யோகமாகிவிடும். மறைவு குறைந்தால் வெறும் கணக்காகிவிடும்.

புகழ்பெற்ற துப்பறியும் ஆட்டங்கள் பல இருவருக்குப் பொருந்தாமல் போவதற்கும் காரணம், இருவரிடையே ரகசியம் விரைவில் அவிழ்ந்துவிடுவதே. இங்கிலாந்தின் அந்தோணி பிராட் உருவாக்கி 1949இல் வாடிங்டன்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'குளூடோ'வில் ஆறு சந்தேக நபர்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள் என 21 சீட்டுகள் உண்டு. வகைக்கு ஒன்றாக மூன்று சீட்டுகள் உறையில் மறைக்கப்படுகின்றன, சேர்க்கைகள் 324. இருவர் மட்டும் ஆடினால், எதிராளி "இல்லை" என்று சொல்லும் சீட்டு என் கையிலும் இல்லையென்றால் அது உறையில்தான் இருக்க வேண்டும் என்று அக்கணமே தெளிவாகிவிடும். சிட் சாக்சன் உருவாக்கிய 'ஸ்லூத்' (1971) 36 ரத்தினச் சீட்டுகளில் ஒன்றை மறைத்து வைக்கும் அருமையான ஆட்டம். அதற்கும் குறைந்தது மூன்று பேர் வேண்டும். இருவர் ஆட்டத்துக்கு வேறொரு வழி தேவைப்பட்டது. போலிக் கேள்விக்கு இடம் கொடுப்பதே அந்த வழி.

வரலாறு

ஆட்டத்தில் பாசாங்கு என்பது குணக்கேடோ, தனித்திறமையோ அல்ல, கணிதத்தின் தேவை என்று நிறுவும் பாதையைத் திறந்தவர் ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன். இருவர் மோதும் ஆட்டத்தில், ஒருவரின் லாபம் மற்றவரின் நட்டத்துக்குச் சமமாக இருக்கும்போது, இருவருக்கும் உகந்த ஆட்டமுறை ஒன்று உண்டு என்பதை அவர் 1928இல் நிறுவினார். பல வேளைகளில் அம்முறை ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதாக இல்லாமல், பல செயல்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலப்பதாக இருக்கும். ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து அவர் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கர் ஆட்டத்தின் பாசாங்கை இம்முறையில் விளக்கினார்.

முழுப் போக்கர் அன்றைய கணக்கு வசதிக்கு எட்டாத அளவு பெரியது. எனவே ஆய்வாளர்கள் ஆட்டங்களைச் சுருக்கிப் பார்த்தார்கள். ஹரால்டு குன் 1950இல் மூன்றே சீட்டுகள் கொண்ட போக்கரை ஆராய்ந்தார். ரூஃபஸ் ஐசக்ஸ் 1955இல் 'அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி' இதழில் பாசாங்குடன் கூடிய ஒரு சீட்டாட்டம் பற்றிக் கட்டுரை எழுதினார். 1914இல் நியூயார்க்கில் பிறந்த ஐசக்ஸ், ராண்ட் நிறுவனத்தில் துரத்துவோர், தப்பியோடுவோர் பற்றிய கணிதத்தில் ஆழ்ந்திருந்தவர். 1965இல் வெளிவந்த 'டிஃபரன்ஷியல் கேம்ஸ்' அவரது முதன்மை நூல். அவருடைய சீட்டாட்டத்தைப் பொதுவாசகரிடம் கொண்டு சேர்த்தவர் மார்ட்டின் கார்ட்னர். 'மேத்தமேட்டிக்கல் மேஜிக் ஷோ' (1977) என்ற தொகுப்பில் 'கெஸ் இட்' என்ற பெயரில் அவ்வாட்டம் இடம்பெற்றது.

அடுத்த பெரிய திருப்பம் ஜப்பானில் நிகழ்ந்தது. டோக்கியோவின் 'கேம் மார்க்கெட்' கண்காட்சியைச் சார்ந்து, தனியொருவராக ஆட்டங்களை வடிவமைத்துச் சிறு எண்ணிக்கையில் அச்சிட்டு விற்கும் பண்பாடு வளர்ந்தது. அச்சுச் செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம், மிகக் குறைந்த சீட்டுகளில் முழுமையான ஆட்டம் ஒன்றை அமைக்கும் கலையாகக் கனிந்தது. செய்ஜி கனாய் 2012இல் வெளியிட்ட 'லவ் லெட்டர்' இவ்வழியில் வந்து உலகெங்கும் பரவியது.

கெஸ் இட்

இருவர் துப்பறிவு ஆட்டங்களில் மிகத் தூய வடிவம் இதுவே. சாதாரணச் சீட்டுக்கட்டில் ஏதேனும் ஒரு ஜாதியின் ஏஸ் முதல் ஜாக் வரையுள்ள 11 சீட்டுகள் போதும். கலைத்து, ஒன்றை நடுவில் கவிழ்த்துவிட்டு, ஆளுக்கு ஐந்து சீட்டு போட வேண்டும். நடுவில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். விதிகள் வருமாறு:

- தன் முறை வந்தவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். "இந்தச் சீட்டு உம்மிடம் இருக்கிறதா?" என்று ஒரு சீட்டின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், அல்லது நடுச்சீட்டு எது என்று அறிவிக்கலாம்.
- கேள்விக்கு எதிராளி உண்மையே சொல்ல வேண்டும். இருந்தால் அச்சீட்டை மேசையில் திறந்து வைக்க வேண்டும். அது அதன்பின் ஆட்டத்தில் இல்லை.
- தன் கையிலேயே இருக்கும் சீட்டைப் பற்றியும் கேட்கலாம். இதுவே போலிக் கேள்வி.
- நடுச்சீட்டை அறிவித்தவுடன் ஆட்டம் முடியும். சரியென்றால் அறிவித்தவர் வெற்றி. தவறென்றால் எதிராளி வெற்றி.

பதிலில் பொய் சொல்ல வழியில்லை. கேள்வியில் மட்டுமே பொய்க்கு இடம் உண்டு. அந்த ஓர் இடம் ஆட்டம் முழுவதையும் தாங்குகிறது.

ஓர் ஆட்டத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். முதலாமவர் கையில் 1, 3, 6, 8, 10. இரண்டாமவர் கையில் 2, 4, 5, 9, 11. நடுவில் 7. முதலாமவர் 4ஐக் கேட்கிறார். இரண்டாமவர் அதைத் திறந்து வைக்கிறார். இப்போது இரண்டாமவர் தம்மிடமே உள்ள 9ஐக் கேட்கிறார். "இல்லை" என்று சொல்லும் முதலாமவருக்குச் சிக்கல் எழுகிறது. கேள்வி மெய்யானால் 9 நடுவில் இருக்கிறது. இப்போதே அறிவிக்காவிட்டால் அடுத்த முறையில் எதிராளி அறிவித்து வென்றுவிடுவார். கேள்வி போலியானால், 9 என்று அறிவித்தவுடன் தோல்வி. முதலாமவர் நம்பாமல் விடுகிறார். தம் முறையில் 7ஐக் கேட்கிறார். அது தற்செயலாக நடுச்சீட்டின் மீதே விழுந்த மெய்க் கேள்வி. இரண்டாமவர் "இல்லை" என்கிறார். தாம் செய்த அதே வித்தையை எதிராளியும் செய்கிறார் என்று எண்ணி, நம்பாமல் 3ஐக் கேட்கிறார். அவர் 9ஐ அறிவிக்காததால் அந்தக் கேள்வி போலி என்பது இப்போது உறுதியாகிறது. முதலாமவர் 3ஐத் திறந்து வைத்துவிட்டு, தம் முறையில் 7 என்று அறிவித்து வெல்கிறார்.

*மூன்று சீட்டு வடிவம்*

போலிக் கேள்வி ஏன் இன்றியமையாதது என்பதை மூன்று சீட்டு வைத்துக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு சீட்டு, நடுவில் ஒன்று.

முதலாமவர் மெய்யாகக் கேட்டால், தம்மிடம் இல்லாத இரண்டில் ஒன்றைக் கேட்கிறார். பாதி வாய்ப்பில் அது எதிராளியிடம் இருக்கும். அப்போது முதலாமவருக்கு விடை தெரிந்துவிடும். ஆனால் முறை எதிராளியுடையது. அவர் இரண்டில் ஒன்றை ஊகித்தே ஆக வேண்டும். அதில் பாதி வாய்ப்பு முதலாமவருக்கு. மீதிப் பாதியில் கேட்ட சீட்டே நடுச்சீட்டு. எதிராளி நம்பினால் முதலாமவர் தோற்பார், நம்பாவிட்டால் வெல்வார். ஆகவே மெய்க் கேள்வியை எதிராளி நம்பினால் வெற்றி வாய்ப்பு 1/4, நம்பாவிட்டால் 3/4. போலிக் கேள்வியை நம்பினால் முதலாமவருக்கு வெற்றி உறுதி. நம்பாவிட்டால் தோல்வி உறுதி.

எப்போதும் மெய்யாகவே கேட்பவரை எதிராளி எப்போதும் நம்பி, அவரை 1/4க்குத் தள்ளிவிடுவார். எப்போதும் போலியாகக் கேட்பவரை ஒருபோதும் நம்பாமல் அடியோடு வீழ்த்துவார். மூன்றில் இரண்டு பங்கு மெய், ஒரு பங்கு போலி என்று கலந்தால் என்ன ஆகும்? எதிராளி நம்பினால் 2/3 × 1/4 + 1/3 × 1 = 1/2. நம்பாவிட்டால் 2/3 × 3/4 + 0 = 1/2. எதிராளி என்ன செய்தாலும் முதலாமவரின் வாய்ப்பு பாதியிலிருந்து இறங்காது. எதிராளியும் தம் பங்குக்குப் பாதி தடவை நம்பி, பாதி தடவை நம்பாமல் ஆடினால் அந்த வாய்ப்பு பாதிக்கு மேல் ஏறாது. மூன்று சீட்டு ஆட்டம் சமநீதி உடையது.

*பெரிய வடிவங்கள்*

சீட்டுகள் கூடக்கூட, சிறிய ஆட்டத்தின் விடையைப் படிக்கட்டாக வைத்துப் பெரிய ஆட்டத்தின் விடையைப் பெறலாம். ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து சீட்டு வரை, தொடக்க நிலையில் கிடைக்கும் விடைகள் ஏறத்தாழ இவை:

| ஆளுக்குச் சீட்டு | மொத்தச் சீட்டு | முதலாமவரின் வெற்றி வாய்ப்பு | போலிக் கேள்வி விகிதம் | எதிராளி நம்ப வேண்டிய விகிதம் |
|---|---|---|---|---|
| 1 | 3 | 50% | 33% | 50% |
| 2 | 5 | 56% | 33% | 33% |
| 3 | 7 | 55% | 29% | 28% |
| 4 | 9 | 54% | 25% | 23% |
| 5 | 11 | 54% | 22% | 21% |

முதலில் ஆடுபவருக்குச் சிறு சாதகம் உண்டு. முறை மாற்றி இரட்டைப்படை எண்ணிக்கையில் ஆடினால் அது சரியாகிவிடும். அட்டவணையின் கடைசி வரிசை இன்னொன்றையும் சொல்கிறது. 11 சீட்டு ஆட்டத்தின் தொடக்கத்தில் நூற்றுக்கு 22 கேள்விகளே போலி. ஆனாலும் எதிராளி நம்ப வேண்டிய வேளைகள் 21 சதவீதம் மட்டுமே. மெய்க் கேள்விகள் பெரும்பான்மையாக இருக்கும்போது நம்பிக்கை ஏன் இவ்வளவு குறைவு? மெய்க் கேள்விகளில் ஆறில் ஐந்து பங்கு "இருக்கிறது" என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது. "இல்லை" என்ற பதில் வருவது ஆறில் ஒரு பங்கில்தான். போலிக் கேள்விக்கோ ஒவ்வொரு முறையும் "இல்லை" என்பதே பதில். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், "இல்லை" என்று சொல்ல நேர்ந்த தருணங்களில் கேள்வி மெய்யாக இருக்கும் வாய்ப்பு சுமார் 37 சதவீதமே. நேர்மையானவர்கள் மிகுந்த கூட்டத்திலும், ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைக் காட்டுவோரில் பெரும்பாலோர் போலியாக இருக்க முடியும் என்ற இந்த உண்மையை நிபந்தனை நிகழ்தகவின் இதயம் எனலாம். பாடநூல் பக்கங்களில் புரியாத அது, ஐந்து சீட்டைக் கையில் பிடித்து ஆடுகிறவருக்கு அனுபவமாகவே புரிந்துவிடுகிறது.

கைச்சீட்டுகள் சமமில்லாத நிலையில் விகிதங்கள் பெரிதும் மாறும். எனக்கு ஐந்து, எதிராளிக்கு ஒன்று மீதி என்றால் 57 சதவீதக் கேள்விகள் போலியாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்று, எதிராளிக்கு ஐந்து என்றால் 14 சதவீதம் போதும். என் கையில் சீட்டு மிகுதியாக இருந்தால் ஒன்றைப் பொய்க்குப் பயன்படுத்தித் தியாகம் செய்யலாம். ஒன்றே மிஞ்சியிருக்கும்போது அதைக் காட்டிக்கொடுத்தால் எதிராளிக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

குன் போக்கர்

ஹரால்டு குன் ஆராய்ந்த ஆட்டத்தில் ராஜா, ராணி, ஜாக் என்று மூன்று சீட்டுகள். இருவரும் ஆளுக்கு ஒரு காசு முதலில் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சீட்டு; மூன்றாவது கவிழ்ந்தே கிடக்கும். ஒருவர் இன்னொரு காசு பந்தயம் கட்டலாம் அல்லது சும்மா விடலாம். பந்தயம் கட்டப்பட்டால் மற்றவர் ஈடுகட்டலாம் அல்லது ஒதுங்கலாம். ஒருவர் ஒதுங்கினால் காசு மற்றவருக்கு; இல்லையென்றால் பெரிய சீட்டு வைத்திருப்பவருக்குச் சேரும்.

ராஜா வைத்திருப்பவருக்கும் ஜாக் வைத்திருப்பவருக்கும் உண்மை நிலவரம் தெரியும். சீட்டுகளை ஒப்பிட்டால் தாம் வெல்வோமா தோற்போமா என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. துப்பறிய வேண்டியவர் ராணி வைத்திருப்பவர். எதிரில் இருப்பது ராஜாவா, ஜாக்கா என்று பந்தயத்தின் போக்கிலிருந்து அவர் முடிவு செய்ய வேண்டும். முதலில் ஆடுபவர் ராஜாவுடன் பந்தயம் கட்டும் தடவைகளில் மூன்றில் ஒரு பங்கு தடவை ஜாக்குடனும் கட்ட வேண்டும் என்பது குன் கண்ட விடை. இருவரும் பிழையின்றி ஆடினால் முதலாமவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1/18 காசு இழப்பார். கெஸ் இட்டில் முதலில் ஆடுவது சாதகம். இங்கே அது பாதகம். கேள்வி கேட்பவர் செய்தி பெறும் ஆட்டத்துக்கும், செயல்படுபவர் செய்தி கொடுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

லவ் லெட்டர்

செய்ஜி கனாயின் ஆட்டம் 16 சீட்டுகளால் ஆனது. அரண்மனையில் இருக்கும் இளவரசியிடம் காதல் கடிதத்தைச் சேர்ப்பது கதை. ஒவ்வொரு சீட்டும் அரண்மனையைச் சேர்ந்த ஒருவர். மதிப்பும் அதிகாரமும் தனித்தனி. காவலர் 5 (மதிப்பு 1), பாதிரியார் 2 (மதிப்பு 2), பிரபு 2 (மதிப்பு 3), பணிப்பெண் 2 (மதிப்பு 4), இளவரசர் 2 (மதிப்பு 5), அரசர் 1 (மதிப்பு 6), சீமாட்டி 1 (மதிப்பு 7), இளவரசி 1 (மதிப்பு 8).

எப்போதும் கையில் ஒரே சீட்டு. முறை வந்ததும் இன்னொன்றை எடுத்து, இரண்டில் ஒன்றை இறக்கி அதன் அதிகாரத்தைச் செலுத்த வேண்டும். காவலரை இறக்கியவர் எதிராளியின் சீட்டு எது என்று ஊகிக்கலாம். சரியென்றால் எதிராளி அச்சுற்றில் தோற்றார். பாதிரியார் எதிராளியின் சீட்டைப் பார்க்க உதவுவார். பிரபு வந்தால் இருவரும் சீட்டுகளை ஒப்பிட, சிறிய சீட்டுக்காரர் வெளியேறுவார். இளவரசியை எக்காரணத்தால் இறக்க நேர்ந்தாலும் தோல்வி. கட்டு தீரும்வரை இருவரும் நிலைத்தால் பெரிய மதிப்பு வெல்லும். இருவர் ஆட்டத்தில் ஏழு சுற்றுகளை முதலில் வெல்பவர் முழு ஆட்டத்தையும் வெல்கிறார்.

இருவர் ஆடும்போது ஒரு சிறப்பு ஏற்பாடு உண்டு. ஒரு சீட்டு கவிழ்த்து ஒதுக்கப்படுவதோடு, மேலும் மூன்று சீட்டுகள் திறந்த நிலையில் ஒதுக்கப்படுகின்றன. ஆளுக்கு ஒன்று போட்டபின் கட்டில் 10 சீட்டுகளே மிஞ்சும். ஊகத்துக்குத் தேவையான தளம் முதல் கணத்திலேயே கிடைத்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, திறந்திருப்பவை காவலர், பாதிரியார், இளவரசர். என் கையில் காவலரும் பிரபுவும். எனக்குத் தெரியாதவை 11 சீட்டுகள்: மூன்று காவலர், இரண்டு பணிப்பெண், பாதிரியார், பிரபு, இளவரசர், அரசர், சீமாட்டி, இளவரசி ஒவ்வொன்று. காவலரை இறக்கும்போது காவலர் என்ற பெயரைச் சொல்ல விதி இடம் தராது. ஆகவே "பணிப்பெண்" என்று சொன்னால் வெற்றி வாய்ப்பு 2/11. வேறெதைச் சொன்னாலும் 1/11.

இந்த வாய்ப்பு ஒவ்வொரு முறையும் நகர்கிறது. அதை மிக நுட்பமாக நகர்த்துபவர் சீமாட்டி. அரசரோ இளவரசரோ கையில் சேர்ந்தால் சீமாட்டியைக் கட்டாயம் இறக்க வேண்டும். எனவே எதிராளி சீமாட்டியை இறக்கியவுடன், அவர் கையில் மிஞ்சியிருப்பது அரசர் அல்லது இளவரசர் என்ற எண்ணம் எழும். ஆனால் கட்டாயமின்றி விரும்பியும் அவரை இறக்கலாம். இளவரசியைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு சீமாட்டியை இறக்கி எதிராளியைத் திசைதிருப்புவது இவ்வாட்டத்தின் பெயர்பெற்ற உத்தி. கெஸ் இட்டில் போலிக் கேள்வி செய்யும் வேலையை இங்கே போலி இறக்கம் செய்கிறது.

2019இல் இசட்-மேன் கேம்ஸ் வெளியிட்ட பதிப்பில் சீட்டுகள் 21 ஆகப் பெருகி, ஆறு பேர் வரை ஆட வழி செய்யப்பட்டது.

அல்கோ, டா வின்சி கோட்

இவை இரண்டும் ஒரே கருவில் பிறந்த ஜப்பானிய ஆட்டங்கள். அல்கோ சீட்டுகளால் ஆனது. எய்ஜி வாகசுகியின் 'டா வின்சி கோட்' கட்டைகளால் ஆனது. கறுப்பில் 0 முதல் 11 வரை, வெள்ளையில் 0 முதல் 11 வரை என 24 எண்கள். ஒவ்வொருவரும் தம் சீட்டுகளை எதிராளிக்கு எண் தெரியாமல், ஆனால் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். முதுகுப்புற நிறம் மட்டும் தெரியும். ஒரே எண் இரு நிறத்திலும் வந்தால் கறுப்பு முன்னே நிற்கும். தன் முறையில் ஒரு சீட்டை எடுத்து, எதிராளியின் ஒரு சீட்டைச் சுட்டி எண்ணைச் சொல்ல வேண்டும். சரியென்றால் அது திறக்கும். தவறென்றால் தான் எடுத்த சீட்டைத் திறந்து வரிசையில் வைக்க வேண்டும்.

இங்கே மறைந்த செய்தியின் பெரும்பகுதி வரிசையில் இருக்கிறது. எதிராளியின் வரிசையில் இரண்டாவதாகக் கறுப்பு 1 திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இடப்புறம் இருக்கக்கூடியவை இரு 0 சீட்டுகள் மட்டுமே. முதுகின் நிறம் கண்ணுக்குத் தெரிவதால் விடை கேட்காமலேயே கிடைத்துவிடுகிறது. கேட்பவர் சொல்லும் எண்ணும் செய்திதான்: ஒருவர் "7" என்று ஊகித்தால், அந்த நிறத்து 7 பெரும்பாலும் அவரிடம் இல்லை என்று எதிராளி குறித்துக்கொள்வார். தன்னிடம் உள்ள எண்ணையே வேண்டுமென்று தவறாகச் சொல்லி எதிராளியைக் குழப்பலாம். அதற்கு எடுத்த சீட்டைத் திறப்பது விலை.

ஹனமிகோஜி

கோட்டா நகயாமா வடிவமைத்த 'ஹனமிகோஜி' இருவருக்கே உரியது. கியோட்டோவின் புகழ்பெற்ற தெரு ஒன்றின் பெயரைத் தாங்கியது. ஏழு கெய்ஷா கலைஞர்களின் ஆதரவைப் பெற 21 பொருட் சீட்டுகளைக் கொண்டு போட்டியிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டு பார்க்கப்படாமலே ஒதுக்கப்படும். ஆளுக்கு ஆறு சீட்டு போட்டு, நான்கு முறைகளில் ஒவ்வொன்று எடுத்தால் பத்து. நான்கு செயல்களையும் ஒவ்வொரு முறை செய்தே தீர வேண்டும்: ஒரு சீட்டை மறைத்து வைத்தல், இரண்டை நீக்குதல், மூன்றைக் காட்டி எதிராளியை ஒன்று எடுக்கச் சொல்லுதல், நான்கை இரு ஜோடிகளாக்கி ஒரு ஜோடியை எடுக்கச் சொல்லுதல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கூட்டினால் அதே பத்து.

தன் கைக்கு வராதவை 11. அவற்றில் எதிராளி மறைத்தது ஒன்று, நீக்கியது இரண்டு, தொடக்கத்தில் பார்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டது ஒன்று என நான்கு சீட்டுகள் சுற்று முடியும்வரை தெரியாதவையாக நிற்கும். அவர் எவற்றைக் காட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தார் என்பதிலிருந்து, எவற்றை மறைத்திருப்பார் என்று கண்டுபிடிப்பதே தேர்ந்த ஆட்டக்காரரின் அடையாளம்.

ஆட்ட நுணுக்கங்கள்

இவ்வகை ஆட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான சில நுணுக்கங்கள் உண்டு.

முதலாவது, தெரியாத சீட்டுகளை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்தில் பட்டியலிட்டு வைத்திருப்பது. சீட்டுகள் 24க்குள் இருப்பதால் யாருக்கும் இது பழக்கத்தில் கைகூடும்.

இரண்டாவது, எதிராளியின் பட்டியலையும் சேர்த்து வைத்திருப்பது. எனக்கு என்ன தெரியும் என்பதைவிட, எனக்குத் தெரிந்ததில் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது. கெஸ் இட்டில் போலிக் கேள்வியாகக் கேட்டு அம்பலமான சீட்டு, மேசையில் திறந்து கிடக்கும் சீட்டுக்குச் சமம்.

மூன்றாவது, கலப்பு விகிதத்தை உண்மையாகவே தற்செயலுக்கு விடுவது. ஐந்துக்கு ஒரு முறை போலியாகக் கேட்பது என்று முடிவு செய்துவிட்டு, ஒவ்வோர் ஐந்தாவது கேள்வியையும் போலியாக்கினால் எதிராளி அதைப் பிடித்துவிடுவார். மனிதர்களுக்குத் தற்செயலாக நடப்பது இயல்பில் வராது. ஒரு முறை பொய் சொன்னவர் அடுத்த முறை உண்மை சொல்லவே நினைப்பார். கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து முடிவு செய்வது நல்ல வழி. முள் முதல் 13 விநாடிகளுக்குள் நின்றால் போலி, அதைத் தாண்டியிருந்தால் மெய் என்று வைத்துக்கொண்டால் 11 சீட்டு ஆட்டத்தின் தொடக்க விகிதம் ஏறத்தாழ அமைந்துவிடும்.

நான்காவது, விகிதத்தை விட்டு விலகும் எதிராளியை அடையாளம் காண்பது. உகந்த முறை ஒருவரைக் காப்பாற்றும்; ஆனால் எதிராளியின் பிழையிலிருந்து மிகுந்த பயனைப் பறித்துத் தராது. போலியாகவே கேட்காத ஒருவரிடம் ஒவ்வொரு "இல்லை"யையும் நம்புவதே சரி. அதை அவர் கண்டுகொண்டு மாறும்போது தானும் உகந்த முறைக்குத் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்விப் பயன்

நிகழ்தகவைக் கற்பிக்கக் காசு சுண்டுவதும் பகடை உருட்டுவதும் வழக்கம். காசுக்கும் பகடைக்கும் நோக்கம் இல்லை. மனிதர் ஒருவர் தமக்கு லாபமான செய்தியைத் தேர்ந்து சொல்லும்போது அதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு அவற்றால் விடை தர முடியாது. விளம்பரம், பேரம், வதந்தி என்று அன்றாடம் நம்மிடம் வந்து சேரும் செய்திகள் அந்த வகையைச் சேர்ந்தவை. கெஸ் இட் போன்ற ஆட்டத்தில் மாணவர் அந்தக் கேள்வியை நேராகச் சந்திக்கிறார். 3 சீட்டு வடிவத்தின் கணக்கைப் பின்னங்கள் தெரிந்த எவரும் ஒரு தாளில் முடித்துவிடலாம். 5 சீட்டு, 7 சீட்டு என்று ஏறிச் செல்லும்போது, சிறிய விடையைக் கொண்டு பெரிய விடையைக் கட்டும் முறையும் பிடிபடுகிறது.

தேவைப்படுவது பழைய சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த 11 சீட்டுகளும் எதிரில் உட்கார ஒருவரும் மட்டுமே. காசு வைத்து ஆட வேண்டியதில்லை. முறை மாற்றி இருபது ஆட்டம் ஆடி, போலிக் கேள்விகளையும் நம்பிய தடவைகளையும் ஒரு தாளில் குறித்து, மேலே உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தாம் எங்கே தேவைக்கு மேல் நம்புகிறோம், எங்கே தேவைக்கு மேல் சந்தேகப்படுகிறோம் என்பது ஆடியவர்களுக்கே விளங்கும்.